இடது கையுறை

சஸ்காட்டூனில் பிப்ரவரி. ஆறு உறைந்து கிடக்கிறது.
செவ்வாய் இரவு ஏழு மணிக்கு
ஜெப ஆலயத்தின் நிலவறையில்
பிள்ளைகளுக்கு வாங்கிய நாற்காலிகளில்
முழங்கால் மோவாயில் இடிக்க
நாங்கள் ஏழு பேர்.
சுவரில் அந்தப் பிள்ளைகள் வண்ணமடித்த
இருபத்திரண்டு எழுத்துகள்.
முதல் எழுத்துக்குச் சத்தம் கிடையாது.
அதைக் கற்கவே எனக்கு ஐம்பத்தாறு வயதாயிற்று.

ரபி திர்ஸாவுக்கு இருபத்தொன்பது.
எங்களில் யாருக்கும் மகளாக இருக்கலாம்.
ஆனால் ஒரு கேள்வி கேட்டாளானால்
எங்கள் வயதையெல்லாம் கழற்றிக்
கதவு ஆணியில் மாட்டிவிடுவாள்.

இன்றைய பாடம், தொலைந்த பொருள்.
கண்டெடுத்தவன் எதை ஊருக்குக் கூவ வேண்டும்,
எதைப் பேசாமல் வைத்துக்கொள்ளலாம்.
பழைய சட்டம்; கழுதையும் கோணியும் வருகின்றன.
"கழுதைக்கு நான் எங்கே போவேன்" என்று
குழாய் வேலை பார்க்கும் லைல் பொமரான்ஸ்
பாய்லருக்கு அடியில் கைவிட்டுத் துழாவி
ஒரு கையுறையை எடுத்து மேசையில் போட்டார்.
சாம்பல் நிறம். கம்பளி. இடது கை.

என்னுடையது.

வாயைத் திறந்தேன்.
அதற்குள் ஆர்க்காடி கேட்டுவிட்டார்:
"அடையாளம் ஏதும் உண்டா?"

பெருவிரலடியில் பச்சை நூலில் ஒரு தையல்.
மருந்துக்கடை ஃப்ரேடா
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள்.
நூலின் நிறம் அடையாளமா,
தையலின் கோணல் அடையாளமா?
பச்சை நூல் எந்த வீட்டிலும் இருக்கும் என்றது ஒரு கட்சி.
இத்தனை மோசமாகத் தைக்க
ஊரில் ஒருத்தியால்தான் முடியும் என்றது மறு கட்சி.
என் எழுத்தை இவ்வளவு கூர்ந்து
யாரும் வாசித்ததில்லை,
இருபத்தாறு வருடம் கூட இருந்தவன் உட்பட.

"அது பிறகு" என்றாள் திர்ஸா.
"தொலைத்தவர் இதைக் கைவிட்டாரா, இல்லையா?
கைவிட்டிருந்தால் எடுத்தவருக்குச் சொந்தம்.
இல்லையென்றால்
பாய்லருக்கு அடியில் தூசி தின்றாலும்
இது இன்னும் அவர் கையில்தான் இருக்கிறது."

கைவிட்டேனா?
மூன்று வாரம் முன்பு பேருந்து நிறுத்தத்தில்
திட்டியது நினைவிருக்கிறது, யாரை என்றில்லாமல்.
மறுநாள் கடையில் புது ஜோடிக்கு விலை கேட்டேன்.
வாங்கவில்லை.
அது கஞ்சத்தனமா, நம்பிக்கையா?
இரண்டுக்கும் நடுவில் ஏதாவது உண்டா?

மதம் மாற வந்திருக்கும் காலின் மக்ரே,
ஐந்து மாதமாக வாய் திறவாத காலின்,
பள்ளிக்கூடத்தில்போல விரலை உயர்த்தினான்.
"கைவிட்டவர் இன்னொன்றையும் எறிந்திருப்பார்.
வலது கை எங்கே?"

மடியில் கிடந்த கோட்டின் பைக்குள்
வியர்த்த விரல்கள்
வலதைக் கசக்கிக்கொண்டிருந்தன.

ஆர்க்காடி மேசையைக் குத்தினார்.
"பையன் பிடித்துவிட்டான்!" என்று லைல் எழுந்ததில்
நாற்காலி சாய்ந்து தேநீர் கவிழ்ந்து
தாளெல்லாம் ஓட,
ஊதினோம், துடைத்தோம்,
துடைத்துக்கொண்டே வாதாடினோம்.
காலினின் காது இரண்டும் சிவந்திருந்தன.
இப்போது ஒரு சொல் சொன்னால் போதும்,
எல்லாம் முடிந்துவிடும்.

சொல்லவில்லை.
அது குற்றமா என்று அடுத்த வாரம் கேட்க வேண்டும்,
வேறு யாரோ செய்ததுபோல.

ஒன்பதரைக்கு விளக்கணைக்கையில்
கையுறை வெந்நீர்க் குழாய்மேல் காய்ந்தது.
பக்கத்தில் ஃப்ரேடா எழுதிய சீட்டு:
"ஓர் இடது கை கிடைத்திருக்கிறது.
அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளவும்."
பச்சையைப் பற்றி மூச்சு விடவில்லை. சட்டப்படி.

வெளியே, பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
வலது கைக்கு உறை, இடது கைக்குக் கக்கம்.
நிறுத்தம்வரை காலின் கூட வந்தான்.
தெருவிளக்கடியில் என் வலது கையைப் பார்த்தான்.
சாம்பல் நிறம். கம்பளி.
சுவரிலிருந்த முதல் எழுத்துபோல் நின்றான் கொஞ்ச நேரம்.
பிறகு தன் இடது கையுறையைக் கழற்றி நீட்டினான்.

எனக்கு அது ரொம்பப் பெரிது.
போட்டுக்கொண்டேன்.